மதிலுக்கு வெளியே ஒரு குழாய்

நீங்கள் அனுப்பிய வரைபடங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். கூரைச் சாய்வு சரி. கூரைத் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் பீலி சரி. முதல் மழையின் தூசியும் காக்கை எச்சமும் தொட்டிக்குள் போகாமல் கழித்துவிடும் ஏற்பாடும் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த தண்ணீரைச் சனம் எங்கே நின்று அள்ளப் போகிறது என்று தேடினேன். படத்தின் மூலையில், வேறு எதுவும் வைக்க முடியாத இடத்தில், ஒரு சின்ன வட்டம் போட்டுக் 'குழாய்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

கோபிக்கிறேன் என்று ஓடிவிடாதீர்கள். தேநீரை எடுத்துக்கொண்டு வந்து இருங்கள், ஒன்று சொல்கிறேன். வேலையில் இருந்த காலம் முழுக்கத் தீவுப்பகுதியில் மழை சேர்க்கும் கட்டடங்கள் கட்டியவள் நான். சுருவில், மண்கும்பான், அனலைதீவு என்று பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் கூரை போட்டிருக்கிறேன். நான் கட்டடக்கலைஞர் என்று எத்தனை தரம் சொன்னாலும் அங்கே எல்லோருக்கும் நான் 'இஞ்சினியர் அக்கா'தான். சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் விட்டுவிட்டேன்.

இந்தக் கதை குறிகட்டுவானில் போட் ஏறிப் போகும் ஒரு தீவில், ஒரு பிள்ளையார் கோயிலடியில் நடந்தது. ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த முறை போகும்போது எனக்குச் சோறு கிடைக்காது.

அந்த ஊர்க் கிணறுகளின் தண்ணீர் மாரியில் பரவாயில்லை. சித்திரை பிறந்தால் உப்புச் சவர். ஆனியில் வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீர் தீவின் மறுகரையிலிருந்து உழவு இயந்திரத்தில் வரும், வராமலும் விடும். கோயிலுக்கு ஓர் அன்னதான மடம் தேவைப்பட்டது, ஊருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. இரண்டையும் ஒரே கட்டடமாக்கினோம். பழைய நாற்சார் வீடு மாதிரி நான்கு பக்கக் கூரையும் நடுமுற்றத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். விழுகிற மழையெல்லாம் முற்றத்துக்குக் கீழே இருக்கும் பெரிய தொட்டிக்குள் இறங்கும். தொட்டியின் குளிர்ச்சியில் மடத்து நிலமும் குளிர்ந்து கிடக்கும், மின்விசிறி தேவையில்லை. முற்றத்தின் ஓரத்தில் ஒரு கைப்பம்பு. மடம் கோயில் வளவுக்குள், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட மதிலுக்கு உள்ளே. சும்மா சொல்லக்கூடாது, வடிவான கட்டடம்.

கைப்பம்பை எங்கே வைப்பது என்பதைக் கூட்டம் கூடித்தான் தீர்மானித்தோம். கோயில் முன்மண்டபத்தில் எல்லோரும் வந்திருந்து பேசினார்கள். ஆடு மாடு வாய் வைக்கக்கூடாது. ஆரும் பீப்பாய், பரல் என்று கொண்டு வந்து அள்ளிக்கொண்டு போகக்கூடாது. பிள்ளையாரின் காவலில் இருந்தால் ஒருவனும் களவெடுக்கமாட்டான். எல்லாம் நல்ல நியாயங்கள். ஒரேயொரு விஷயத்தை மட்டும் அந்தச் சபையில் ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. அது செத்தவீடு. நல்ல காரியத்துக்குக் கூடியிருக்கும்போது, அதுவும் சாமிக்கு முன்னால், ஆர் சாவைப் பற்றிக் கதைப்பார்கள்? கதைத்தால் 'வாயைக் கழுவிக்கொண்டு வா' என்று துரத்தியிருப்பார்கள்.

வெளியிடத்திலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு நடந்தால் அந்த வீட்டுக்கும் உரித்துக்காரர் எல்லோருக்கும் துடக்கு, அதாவது தீட்டு. அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, ஏறக்குறைய ஒரு மாதம், கோயில் வளவுக்குள் கால் வைக்கமாட்டார்கள். அவர்களின் பாத்திரமும் உள்ளே போகாது. பிள்ளை பிறந்தாலும் அப்படித்தான். அந்த ஊரோ சின்ன ஊர், ஒரே சந்ததி. ஒருவர் கண்ணை மூடினால் ஊரில் முக்கால்வாசி மதிலுக்கு வெளியே நிற்கும். இது எனக்கும் தெரியும், அந்த மண்டபத்தில் இருந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எல்லோருமாகச் சேர்ந்து தண்ணீரை மதிலுக்குள் பூட்டினோம்.

இனி மலரைப் பற்றிச் சொல்கிறேன். மாதர் சங்கத் தலைவி. மடம் கட்டும்போது வீடு வீடாகப் போய்ச் சனத்தைக் கூட்டி வந்து கல் சுமக்க வைத்தவள், தானும் சுமந்தவள். அவளுடைய கணவன் சிவநேசன் மேசன். மடத்தின் தொட்டிக்குச் சீமெந்து பூசியதே அவன்தான். நல்ல கைவேலைக்காரன், யாழ்ப்பாணத்தில் எங்கே போனாலும் வேலை கிடைக்கும். அதுதான் மலருக்குப் பயம். "ஏன் இஞ்சை கிடந்து சவர்த்தண்ணி குடிக்கிறம்? வெளிக்கிடுவம்" என்று ஒவ்வொரு கோடையும் அவன் தொடங்குவான். அவனுடைய தகப்பனார் தீவை விட்டு அசையமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்ததால் ஒவ்வொரு வருடமும் அந்தப் பேச்சு நின்றுபோகும். மடம் கட்டி முடிந்தபோது மலர் அவனிடம் வாக்கு வாங்கியிருந்தாள்: வருகிற சோழகத்தில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால் போவது, வராவிட்டால் இருப்பது. சோழகம் என்றால் தென்மேல் காற்று, எங்கள் தீவுகளுக்கு மழையும் தராமல் கடலையும் அடைத்துவிடும் காலம்.

அந்தச் சோழகத்தில் தொட்டியைப் பார்க்கப் போனேன். தொட்டியில் பாதிக்கு மேல் நல்ல தண்ணீர், கண்ணாடி மாதிரி. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திரும்பி வர வெளிக்கிட்டால் கடல் கொந்தளிப்பில் போட் ஓடவில்லை. பாடசாலை விடுதியில் தங்கினேன். அடுத்த நாள் காலமை கோயில் மணி அடிக்கவில்லை. அங்கே விளக்கு வைத்து மணி அடிக்கிற சிவநேசனின் தகப்பனார் நித்திரையிலேயே போய்விட்டார்.

செத்தவீடு முடிந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கவும் தண்ணீர் இல்லை. தண்ணீர் கொண்டுவரும் உழவு இயந்திரம் பழுதாகி நின்றது, அதற்குரிய சாமான் யாழ்ப்பாணத்திலிருந்து போட்டில்தான் வரவேண்டும். கடலோ அடங்கிற மாதிரி இல்லை. பூசை செய்கிற ஐயரை விட்டால், துடக்கு இல்லாதவர்கள் என்று ஊரில் மிஞ்சியவர்கள் மூன்று நாலு வீட்டுக் கிழவன் கிழவிகள். தங்களுக்கு ஒரு வாளி தூக்கவே முழங்கால் பிடிக்கிற ஆட்கள், ஊருக்கு எப்படித் தூக்குவார்கள்?

மதில் வாசலுக்கு வெளியே சனம் வெறும் வாளிகளோடு நின்றது. உள்ளே தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பெரிய பக்திக்காரி இல்லை. மலரைத் தனியே கூப்பிட்டேன்.

"பிள்ளை, நீரே கல் சுமந்து கட்டின தொட்டி. போய் அள்ளும். பிள்ளையார் ஒண்டும் சொல்லமாட்டார்."

மலர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் உள்ளுக்கை போகமாட்டன். மாமா அந்தக் கோயிலிலை விளக்கு வைச்ச மனிசன். அவர் செத்த துடக்கோடை நானே வாசல் தாண்டினன் எண்டு நாளைக்கு ஒருத்தர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு என்னாலை இருக்க ஏலாது. எனக்கும் மனம் ஒப்பாது."

"அப்ப தண்ணிக்கு?"

அவள் கொஞ்சம் தள்ளி மதிலோரம் குந்தியிருந்த சிவநேசனைப் பார்த்தாள். மீசை மழித்த முகம். அவன் எங்களைப் பார்க்காமலே சொன்னான்.

"அப்பாவும் போயிட்டார். தண்ணியும் இல்லை. இனி இஞ்சை என்ன கிடக்கு? அந்தியேட்டி முடிய வீட்டைப் பூட்டுவம்."

 மலர் கேட்டு வாங்கிய வாக்குத்தான் அது. அந்த நேரம் அவளுடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மாதர் சங்கத் தலைவியே போனால் அவளுக்குப் பின்னால் எத்தனை வீடு பூட்டப்படும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது கவனியுங்கள். இப்படியான நேரத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு யோசனை சொல்வார்கள். ஓர் இளைஞன் அலவாங்கோடு வந்து நின்று, "மதிலை உடைச்சுப் பைப்பை வெளியிலை இழுப்பம்" என்றான். கோயில் சபைத் தலைவர் வாசலுக்கு வெளியே நின்று கத்தினார், "மதிலிலை ஒருத்தனும் கை வைக்கக்கூடாது! சாமிக்குற்றம் வந்தால் ஆர் பொறுப்பு?" பாவம், அவரும் செத்தவருக்கு உரித்துக்காரர். தான் காக்கிற மதிலுக்குள் தானே போக ஏலாமல் நின்றார். கையில் அவருடைய வாளியும் இருந்தது.

எனக்கு வேலை பழக்கிய ஒரு மனிதர் இருந்தார். முன்கோபக்காரர், கெட்ட வார்த்தை தாராளமாக வரும். வேலைத்தளத்தில் சண்டை வந்தால் அவர் செய்கிற முதல் காரியம், சத்தம் போடுகிறவர்களை விட்டுவிட்டு என்னென்ன சாமான் கையில் இருக்கிறது என்று போய்ப் பார்ப்பது. அன்று எனக்கு அவருடைய ஞாபகம் வந்தது. வாசலை விட்டு உள்ளே போனேன். எனக்குத் துடக்கு இல்லை, நான் யாழ்ப்பாணத்து ஆள்.

மடத்துக்குப் பின்னால் திருவிழாப் பந்தலுக்குக் கட்டும் மரங்கள் கிடந்தன. மூங்கில் ஏணி ஒன்று. கோயில் வாளிகள். கூரை போடும்போது மிஞ்சிய பீலித் துண்டு ஒன்று, ஆள் நீளத்தில். அதைக் கண்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மழையை உள்ளே கொண்டுவரப் போட்ட பீலி. அதை மதிலின் மேல் வைத்து வெளிப்பக்கம் சாய்த்தால் உள்ளே ஊற்றுகிற தண்ணீர் வெளியே விழும். மதிலுக்கு ஒரு கீறலும் விழாது. சனம் உள்ளே போகத் தேவையில்லை, கோயில் வாளி துடக்குக்காரர் கைக்குப் போகவும் தேவையில்லை, தண்ணீர் வெளியே வந்தால் போதாதா?

ஐயரிடம் போய்ச் சொன்னேன். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். பீலியைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார்.

"துடக்கு வீட்டுப் பானையிலை தண்ணி விழேக்கை, துடக்கு திரும்ப இதாலை மேலை ஏறாதோ?" என்று வெளியிலிருந்து தலைவர் கேட்டார்.

எனக்குச் சட்டென்று மறுமொழி வந்தது. "ஐயா, எங்கடை தொழிலிலையும் இந்தப் பயம் இருக்கு. பைப்பின்ரை வாய் வாளித் தண்ணிக்குள்ளை அமிழ்ந்து கிடந்தா அழுக்குத் தண்ணி திரும்ப இழுபட்டு உள்ளுக்கை வந்திடும். அதுக்குத்தான் பைப்பின்ரை வாயை எப்பவும் வாளிக்கு மேலை, தொடாமல் வைக்கிறது. இடையிலை வெறுங்காத்து. விழுற தண்ணி திரும்பி ஏறாது."

ஐயர் விரல்களை விரித்து ஓர் இடைவெளி காட்டினார். "பீலியும் பானையும் தொடக்கூடாது. தொடாமல் விழுற தண்ணிக்குத் துடக்கு இல்லை" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கடை சட்டமும் எங்கடை சட்டமும் ஒண்டாத்தான் கிடக்கு" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

சரி, உள்ளே நின்று அள்ளி ஊற்றுவது ஆர்? கிழவன் கிழவிகளால் ஏலாது. நான் ஒருத்தி எத்தனை வாளி தூக்குவது? பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போனேன். அது கத்தோலிக்க வேதக்காரரின் ஊர், கடற்றொழில். சோழகத்தில் வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன, ஆட்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். தொழிலாளர் சங்கத்து மரியதாஸ் அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வலையைக் கீழே போட்டார்.

"செத்த மனிசன் எங்கடை கோயில் பெருநாளுக்கு வராத வருசமில்லை. நாங்கள் வாறம். துடக்கு எங்களுக்கு இல்லை. ஆனால் எங்களை உள்ளுக்கை விடுவினமோ?"

நான் வெளிக்கிடும்போது ஐயர் சொல்லிவிட்ட நிபந்தனையைச் சொன்னேன்: குளித்திருக்கவேண்டும், மேற்சட்டை கழற்றவேண்டும், மீன் மச்சம் சாப்பிட்டிருக்கக்கூடாது.

மரியதாஸ் அண்ணை கடலைக் காட்டினார். "இந்தக் கடலைப் பாருங்கோ. மச்சத்துக்கு எங்கை போறது? ரெண்டு கிழமையாச் சோறும் சம்பலும்தான். ஐயரை விட நாங்கள் சுத்த சைவம்."

பத்துப் பேர் வந்தார்கள். சிலுவைச் சங்கிலி கழுத்தில், வேட்டி இடுப்பில், தலை ஈரம் சொட்டப் பிள்ளையார் கோயில் வளவுக்குள் வரிசையாக நடந்து வந்தார்கள். வாசலில் நின்ற சனம் வாய் பிளந்து பார்த்தது. ஒருவன் பம்பு அடிக்க, வாளி கைமாறிக் கைமாறி மதிலடிக்குப் போக, ஏணியில் நின்ற மரியதாஸ் அண்ணை பீலியில் ஊற்றினார்.

மதிலுக்கு வெளியே முதல் குடத்தோடு மலர் நின்றாள். பீலியின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. உயரத்திலிருந்து விழுந்ததால் பாதி சிந்தியது. சிந்திய தண்ணீரைப் பார்த்ததும் சனம் "ஐயோ" என்றது. மலர் குடத்தை நகர்த்தி நகர்த்திப் பிடித்தாள். குடம் நிறைந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். மாமனாருக்காக அழுதாளா தண்ணீருக்காக அழுதாளா, எனக்குத் தெரியாது. எனக்கும் அழுகை வந்தது, வெட்கம் பாராமல் அழுதேன்.

அந்த நேரம் சிவநேசன் எழும்பினான்.  கல்வேலி ஓரத்தில் கிடந்த தட்டையான கற்களைத் தூக்கி வந்து பீலிக்கு நேர் கீழே அடுக்கினான். குடத்தை அதன்மேல் வைத்து, பீலிக்கும் குடத்துக்கும் இடையில் ஒரு சாண் விட்டு, தட்டிப் பார்த்தான், ஆட்டிப் பார்த்தான். பிறகு தண்ணீர் சிந்தவில்லை.

"இப்பிடி அடுக்கினாக் கனநாள் நிக்காது" என்றான் என்னிடம். "சீமெந்து போட்டு ஒழுங்கா ஒரு மேடை கட்டவேணும். பாரம் தூக்கிறவை முதுகு வளைக்காத உயரத்துக்கு."

"ஆர் கட்டிறது? அந்தியேட்டி முடிய வீட்டைப் பூட்டிறதெண்டல்லோ சொன்னீர்?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவன் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மேடையைக் கட்டிப்போட்டு யோசிப்பம்" என்றான். பக்கத்தில் நின்ற மலர் முந்தானைக்குள்ளால் அவனைப் பார்த்தாள். அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

அந்த ஏற்பாட்டில் ஊர் துடக்குக் காலத்தைத் தாண்டியது. கடல் அடங்கும்வரை வேதக்கார ஊர் ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். தலைவரும் தன்னுடைய வாளியோடு வரிசையில்தான் நின்றார். அவருடைய முறை வந்தபோது மரியதாஸ் அண்ணை ஏணியில் நின்று, "தலைவர், பீலியிலை முட்டாமல் பிடியுங்கோ, சாமிக்குற்றம் வந்திடும்" என்று பகிடி விட்டார். தலைவரே சிரித்துவிட்டார்.

அந்தியேட்டி முடிந்ததும் மறுபடி கூட்டம். இந்த முறை கூட்டத்தைக் கோயிலுக்குள் வைக்க நான் சம்மதிக்கவில்லை. தெருவில், அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், கதிரை போட்டு இருந்தோம். சாவைப் பற்றியும் தாராளமாகக் கதைத்தோம். மதிலில் துளையிட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கவேண்டும் என்று சொன்னது ஆர் தெரியுமா? தலைவர்தான். ஐயர் நாள் பார்த்துக் கொடுத்தார். முதல் உளியைத் தலைவரே பிடித்தார், ஆனால் துளையை ஒழுங்காக இட்டது சிவநேசன். உள்ளே ஒரு சின்ன மேல்தொட்டி, மதிலுக்குள்ளால் ஒரு குழாய், வெளியே இடுப்பளவு உயரத்தில் மேடை. குழாயின் வாய் மேடையில் வைக்கிற எந்தப் பாத்திரத்தையும் தொடாது.

உங்கள் படத்தில் அந்தச் சின்ன வட்டத்தை அழியுங்கள். ஊருக்குப் போங்கள். நல்ல நாளில் ஆர் அள்ளுவார் என்று எல்லோரும் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். செத்தவீட்டு நாளில் ஆர் அள்ளுவார், பிள்ளை பெற்றவள் எங்கே நிற்பாள், ஊரோடு கோபித்துக்கொண்டவன் எந்தப் பக்கத்தால் வருவான் என்று கேளுங்கள். அபசகுனம் பேசுகிறாள் என்று திட்டுவார்கள். திட்டட்டும். நானும் எவ்வளவோ திட்டு வாங்கியவள்தான், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன சோழகத்தில் மலர் போன் எடுத்தாள். கடற்காற்றில் அவளுடைய குரல் விட்டு விட்டுக் கேட்டது. யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரியில் பிள்ளை பெற்றிருக்கிறாள். பெண் பிள்ளை. அவளுடைய தாய்வீட்டார் யாழ்ப்பாணத்திலேயே சில மாதம் நில் என்று சொன்னார்களாம். சிவநேசன் கேட்கவில்லையாம். கடல் கொஞ்சம் அடங்கியதும் முதல் போட்டிலேயே தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டானாம்.

"வீடு துடக்கு அக்கா, பேந்து வந்து பிள்ளையைப் பாருங்கோ" என்றாள். "இவர் மதிலடியிலைதான் நிக்கிறார். பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணி பிடிக்கிறார். நில்லுங்கோ, போனைக் கிட்டக் கொண்டுபோறன்."

சிறிது நேரம் காற்றின் சத்தம். பிறகு வாளிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வாளி நிறையும்வரை நான் போனை வைக்கவில்லை.